கொண்டான், கைசர், உடையார்

தா.பழூர் கடைவீதியில் நின்று எந்தப் பக்கம் பேருந்து ஏறினாலும் ஏதோ ஒரு ராஜாவின் பட்டத்தில்தான் போய் இறங்கவேண்டும். வடக்கே ஜெயங்கொண்டம். அங்கிருந்து கிழக்கே திரும்பினால் கங்கைகொண்டசோழபுரம், மேற்கே திரும்பினால் உடையார்பாளையம். தெற்கே மதனத்தூர் பாலத்தில் கொள்ளிடத்தைத் தாண்டிக் கும்பகோணம் போய், மயிலாடுதுறைச் சாலையில் கொஞ்சம் நகர்ந்தால் திரிபுவனம். அது மூன்றாம் குலோத்துங்கனின் ‘திரிபுவனவீரன்’ என்ற பட்டத்தில் எழுந்த ஊர். டிக்கெட் வாங்குகிறவர் யாருக்கும் இது நினைவில் இருக்கப்போவதில்லை. ‘ஜெயங்கொண்டம் ஒண்ணு’ என்று சொல்லிச் சில்லறையை நீட்டும்போது அவர் உச்சரிப்பது முதலாம் ராஜராஜன் சூடிக்கொண்ட பெயர்களில் ஒன்றை.

அரசனுக்கு ஒரு பெயர் போதாது என்பதை உலகம் ரொம்ப நாளாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. அந்த இரண்டாவது பெயரை யார் கொடுக்கிறார்கள், அது எவ்வளவு காலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஒட்டுவதற்கு என்ன பசை என்பதில்தான் தேசத்துக்கு தேசம் வித்தியாசம். ரோமாபுரியையும் கொள்ளிடக் கரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது நன்றாகத் தெரிகிறது.

ரோமில் கதை கி.மு. 27 ஜனவரி 16இல் கூடிய செனட் சபையிலிருந்து தொடங்குகிறது. உள்நாட்டுப் போர்களை முடித்துவிட்டுத் தனி ஆளாக நின்ற ஆக்டேவியனுக்கு அன்று ‘அகஸ்டஸ்’ என்ற பட்டம் தரப்பட்டது. ராஜா என்ற சொல்லை ரோமானியர் வெறுத்தார்கள். கடைசி ராஜாவைத் துரத்தி ஐந்நூறு ஆண்டுகளுக்குமேல் ஆகியிருந்தும் அந்தச் சொல்லின்மேல் இருந்த கசப்பு போகவில்லை. ஆகவே அந்த ஒரு சொல்லைத் தவிர்த்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் அவர் எடுத்துக்கொண்டார். ‘கைசர்’ என்பது அவரைத் தத்தெடுத்த ஜூலியஸின் குடும்பப் பெயர். ‘இம்பரேட்டர்’ என்பது வெற்றிபெற்ற தளபதியைப் போர்க்களத்திலேயே வீரர்கள் கூவி அழைக்கும் பெயர். ‘பிரின்செப்ஸ்’ என்றால் முதல் குடிமகன், அவ்வளவுதான். இப்படிச் சாதுவாகத் தெரிகிற நான்கைந்து சொற்களைச் சேர்த்தபோது கிடைத்தது ராஜாவைவிடப் பெரிய ஆசாமி. வீரர்கள் தன்னை இருபத்தொரு முறை இம்பரேட்டர் என்று வாழ்த்தியதாக அவரே கணக்குச் சொல்லி, செய்த காரியங்களை எல்லாம் எழுதி, கல்லறை வாசலில் வெண்கலத்தில் பொறித்து வைக்கச் சொன்னார். ரோமில் இருந்த மூலம் போய்விட்டது. துருக்கியின் அங்காராவில் ஒரு கோயில் சுவரில் பிரதி இருக்கிறது. இந்திய அரசர்களிடமிருந்து தனக்குத் தூதுகள் வந்தன என்ற வரவும் அந்தக் கணக்கில் உண்டு.

சோழர் காலத்தில் இதற்கு நேர் நிகரான ஒன்று மெய்க்கீர்த்தி. ராஜராஜன் காலத்தில்தான் அது ஒழுங்கான வடிவம் பெற்றது. ஒரு வித்தியாசம். அகஸ்டஸின் கணக்கு வாழ்க்கை முடிந்தபின் ஒரே வடிவில் பொறிக்கப்பட்டது. மெய்க்கீர்த்தியோ ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தது. எங்கோ ஒரு கிராமத்தில் யாரோ ஒருவர் கோயில் விளக்குக்கு ஆடு விட்டாலும், அந்தச் சாசனத்தின் தலையில் அரசன் அதுவரை கொண்ட நாடுகளின் பட்டியல் நிற்கும். அடுத்த ஆண்டுப் படையெடுப்பு முடிந்ததும் பட்டியலில் ஓர் ஊர் கூடும். பிற்காலத்துக் கல்வெட்டு அறிஞர்கள் ஆண்டு உடைந்துபோன சாசனங்களுக்குக்கூட இந்தப் பட்டியலின் நீளத்தைப் பார்த்துக் காலம் சொல்ல முடிந்தது.

ரோமானியப் பட்டங்கள் தமிழ்நாட்டுக்கு முதலில் வந்தது பொன்னில். 1898இல் அன்றைய புதுக்கோட்டை சமஸ்தானத்தின் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. இந்தியாவில் அதிகம் கிடைக்கும் டைபீரியஸ் காசை எடுத்துக்கொள்வோம். சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டம். நடுவில் மாலை சூடிய தலை. தலையைச் சுற்றி எழுத்து: டைபீரியஸ் கைசர், தெய்வமான அகஸ்டஸின் மகன், அகஸ்டஸ். அந்தச் சிறிய வட்டத்துக்குள் இரண்டு பட்டங்கள், ஒரு தெய்வீகத் தகப்பன். கருக்காக்குறிச்சிக் காசுகளில் பெரும்பாலானவற்றில் அந்தத் தலையின் குறுக்கே உளியால் ஒரு வெட்டு இருக்கிறது. ஆத்திரத்தில் வெட்டியது போலத் தெரியவில்லை. ஒரே மாதிரி, ஒரே இடத்தில், தொழில் சுத்தமாக வெட்டியிருக்கிறார்கள். இனி இது காசாகச் செல்லாது, எடைக்கு எடை பொன்னாகத்தான் செல்லும் என்று அடையாளப்படுத்தியிருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று. கைசராவது அகஸ்டஸாவது, இங்கே நிறுத்தால் எவ்வளவு என்பதே கேள்வி. பட்டத்தின்மேல் இதைவிடக் கறாரான விமர்சனம் அந்தக் காலத்தில் வேறு யாரும் எழுதியதாகத் தெரியவில்லை.

வடக்கே நிலைமை வேறு. இன்றைய பாகிஸ்தானில் அட்டோக்குக்கு அருகே ஆரா என்ற இடத்தில் கிடைத்த குஷாணர் கல்வெட்டில், கனிஷ்கன் என்ற பெயருடைய அரசன் மகாராஜா, ராஜாதிராஜா, தேவபுத்திரன் என்ற வரிசையில் ‘கைசரன்’ என்றும் சொல்லிக்கொள்கிறான். இந்திய முறை, ஈரானிய முறை, சீன முறை, ரோமானிய முறை நான்கிலும் ஒவ்வொன்றை எடுத்துக் கோத்திருக்கிறான். ஒரு குடும்பத்தின் பெயர் சில நூற்றாண்டுகளுக்குள் சிந்து நதிக்கரை வரை வந்து, யார் வேண்டுமானாலும் சூடிக்கொள்ளலாம் என்ற நிலையை அடைந்துவிட்டது.

இந்த மாற்றம் ரோமிலேயே நடந்து முடிந்திருந்தது. அகஸ்டஸ், டைபீரியஸ், காலிகுலா என்று தத்தெடுப்பின் வழியாகவாவது கைசர்களாக இருந்தவர்களுக்குப் பின் கி.பி. 41இல் கிளாடியஸ் அரியணை ஏறினார். அவர் கைசர் குடும்பத்தில் பிறந்தவரும் இல்லை, தத்துப் போனவரும் இல்லை. அவருடைய தாயின் தாய் அகஸ்டஸின் அக்கா. அந்த உறவை வைத்துக்கொண்டு பெயரைத் தானே எடுத்து வைத்துக்கொண்டார். கி.பி. 68இல் நீரோ செத்து இரத்த வழியே அற்றுப்போனபிறகும் அடுத்து வந்த கால்பா கைசர்தான். அன்றிலிருந்து அது பெயராக இல்லை, பதவி.

கங்கைகொண்டசோழபுரத்தில் இதே நாடகம் ஆயிரம் ஆண்டு கழித்து நடந்தது. சோழர்கள் ‘ராஜகேசரி’, ‘பரகேசரி’ என்ற இரண்டு பட்டங்களை ஒருவர் விட்டு ஒருவர் மாற்றி மாற்றிச் சூடினார்கள். ராஜராஜன் ராஜகேசரி. மகன் ராஜேந்திரன் பரகேசரி. அவன் மகன் ராஜாதிராஜன் மறுபடி ராஜகேசரி. ராஜேந்திரனின் மூன்று மகன்களும் அடுத்தடுத்து ஆண்டு, பேரன் அதிராஜேந்திரன் பரகேசரியாகச் சில காலமே இருந்து மறைந்த 1070இல், வேங்கியிலிருந்து வந்து அமர்ந்தான் முதலாம் குலோத்துங்கன். தகப்பன் வழியில் கீழைச் சாளுக்கியன். தாய் அம்மங்கைதேவி ராஜேந்திரனின் மகள். வரிசைப்படி யாருடைய முறையோ அந்தப் பட்டத்தை, ராஜகேசரியை, ஒரு கேள்வியும் இல்லாமல் அவன் எடுத்துக்கொண்டான். கிளாடியஸுக்குப் பாட்டி வழி, குலோத்துங்கனுக்குத் தாய் வழி. வம்சம் முறிகிற இடத்தில் பட்டம்தான் ஒட்டுப்போடுகிறது. பெண்கள் வழியாக வந்த உரிமையை ஆண்களின் பட்டத்தால் மூடி மறைத்தார்கள் என்றும் சொல்லலாம்.

‘கொண்டான்’ என்று முடிகிற பட்டங்கள் தனி வகை. முதலாம் பராந்தகன் ‘மதுரை கொண்ட’ பரகேசரியாகத் தொடங்கிப் பின்னால் ‘மதுரையும் ஈழமும் கொண்ட’ பரகேசரி ஆனான். மதுரையைக் கொண்டானே தவிர, பாண்டியனின் முடியைக் கொள்ள முடியவில்லை. பாண்டியன் அதை இலங்கையில் ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டான். பராந்தகனின் படை கடல் கடந்து தேடியும் கிடைக்கவில்லை. ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து ராஜேந்திரன் ஈழத்தை முழுதாக வென்றபோதுதான் அது சோழர் கைக்கு வந்தது. ‘முடிகொண்ட சோழன்’ என்ற பட்டத்துக்குப் பின்னால் இப்படி ஒரு நூற்றாண்டுப் பழைய பாக்கி இருக்கிறது. நன்னிலம் பக்கத்து முடிகொண்டான் ஊரும் ஆறும் அந்தப் பெயரைத்தான் சுமந்துகொண்டிருக்கின்றன.

‘கங்கைகொண்டான்’ இன்னும் சுவாரசியம். கங்கை வரை போனவர்கள் தளபதியும் படையும். ராஜேந்திரன் கோதாவரிக் கரையில் வந்து அவர்களை எதிர்கொண்டான் என்கின்றன திருவாலங்காட்டுச் செப்பேடுகள். தோற்ற மன்னர்களின் தலையில் ஏற்றிக் கொண்டுவந்த நீரைக் கண்டபின், அவன் கங்கையைக் கொண்டவன் ஆனான். இதைக் குறையாகச் சொல்ல வேண்டியதில்லை. கி.பி. 43இல் பிரிட்டனை வென்றது கிளாடியஸின் தளபதிகள். அவர் கடைசியில் வந்து பதினாறு நாள் தங்கிவிட்டுத் திரும்பினார். செனட் ‘பிரிட்டானிகஸ்’ என்ற பட்டத்தைக் கொடுத்தது. அதைக் குழந்தையாக இருந்த மகனுக்குப் பெயராக விட்டுக்கொடுத்தார். டிராஜன் ஜெர்மானிகஸ், டாசிகஸ், பார்த்திகஸ் என்று ஊர் ஊராகச் சேர்த்துக்கொண்டதும் இதே பழக்கம்தான். படை போன தூரத்துக்கு அரசனும் போனதாகக் கணக்கு.

இந்த வகைப் பட்டங்களில் உச்சம் எது என்று கேட்டால் சோழர் பக்கம் விரல் நீளாது. மூன்றாம் குலோத்துங்கன் ‘மதுரையும் ஈழமும் கருவூரும் பாண்டியன் முடித்தலையும் கொண்டருளிய’ என்று நீட்டி முழக்கினான். அவன் கண் முன்னாலேயே 1216இல் பட்டமேறிய மாறவர்மன் சுந்தரபாண்டியன் சோழ நாட்டுக்குள் புகுந்து, தஞ்சையையும் உறையூரையும் எரித்து, ‘சோணாடு கொண்டருளிய’ சுந்தரபாண்டியன் ஆனான். பிறகு நாட்டைச் சோழனுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, ‘சோணாடு வழங்கியருளிய’ என்று பட்டத்தை மாற்றிக்கொண்டான். பறித்ததைவிடக் கொடுத்ததைப் பட்டமாக்குவது எவ்வளவு பெரிய அவமானம் என்பது அவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. ‘கொண்ட’ என்ற சொல்லை வைத்தே முந்நூறு ஆண்டு ஆண்ட குடும்பத்துக்கு ‘வழங்கிய’ என்ற ஒரு சொல்லால் பதில்.

நாட்டுக்கே தன் பட்டத்தைச் சூட்டுகிற ஆசை இரண்டு இடத்திலும் உண்டு. ராஜராஜன் தொண்டை மண்டலத்தை ஜெயங்கொண்டசோழ மண்டலம் ஆக்கினான். ஈழம் மும்முடிச்சோழ மண்டலம், கங்கபாடி முடிகொண்டசோழ மண்டலம், நுளம்பபாடி நிகரிலிசோழ மண்டலம். வளநாடுகளுக்கும் பட்டப் பெயர்கள்தான். அடுத்து வந்தவர்கள் அவற்றையும் அழித்துத் தங்கள் பெயர்களை எழுதினார்கள். ரோமில் கொமோடஸ் இதைக் கேலிக்கூத்தின் எல்லைக்கே கொண்டுபோனான். கி.பி. 192இல் பன்னிரண்டு மாதங்களுக்கும் தன்னுடைய பன்னிரண்டு பெயர்களைச் சூட்டினான்; ரோம் நகரத்தின் பெயரும் மாறியது. அந்த ஆண்டின் கடைசி நாளில் அவனைக் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். மாதங்கள் பழைய பெயருக்குத் திரும்பின. ஆனால் அவனுக்கு இருநூறு ஆண்டு முன்னால், கி.மு. 8இல், செக்ஸ்டிலிஸ் என்ற மாதத்துக்கு அகஸ்டஸின் பெயரைச் சூட்டினார்களே, அது இன்றும் தா.பழூர் மளிகைக் கடையில் தொங்குகிற நாட்காட்டி வரை நிற்கிறது. ஆடி பிறந்து பாதி ஆனதும் ஆகஸ்ட்.

ஏன் ஒன்று நின்றது, மற்றது விழுந்தது? அதிகாரம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. கொமோடஸுக்கும் அதிகாரம் இருந்தது. மண்டலம், வளநாடு எல்லாம் கணக்கர்களின் ஓலையில் வாழ்ந்த பெயர்கள். ஓலை மாறியதும் பெயர் மாறியது. சந்தை கூடுகிற ஊரும், மடை திறக்கிற வாய்க்காலும், தவணை சொல்கிற மாதமும் அப்படியில்லை. அவற்றைத் தினமும் நூறு பேர் வாயில் போட்டு மெல்கிறார்கள். காஞ்சிபுரம் வட்டாரம் முழுவதற்கும் போட்ட ‘ஜெயங்கொண்டசோழ’ என்ற பெயர் அங்கே அடியோடு மறைந்துவிட்டது. இங்கே ஒரு சந்தை ஊரில் ‘சோழபுரம்’ என்ற வாலை உதிர்த்துவிட்டு நின்றுகொண்டது. திருச்சியில் ராஜராஜனின் ‘உய்யக்கொண்டான்’ வாய்க்காலாக ஓடுகிறான். பராந்தகனின் ‘மதுராந்தகன்’ செங்கல்பட்டுப் பக்கம் ஊராகவும் ஏரியாகவும் இருக்கிறான். பெயரைக் கேட்டால் மதுரைக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டும், யாரும் வந்ததில்லை.

சோழர் பட்டங்களில் இன்னொரு தாராளம் உண்டு. அரசன் தன் பெயரை ஆட்களுக்குப் பங்கு போட்டான். தஞ்சைப் பெரிய கோயிலின் சுற்றுமாளிகையைக் கட்டிய சேனாபதி கிருஷ்ணன் ராமன் ‘மும்முடிச்சோழ பிரம்மமாராயன்’. கோயிலைக் கட்டிய தலைமைத் தச்சன் குஞ்சரமல்லன் ‘ராஜராஜப் பெருந்தச்சன்’. அந்தக் கோயிலில் முடி திருத்தும் பணிக்கு இருந்தவருக்கும் ‘ராஜராஜப் பெருநாவிசன்’ என்று பட்டம். சேனாபதிக்கும் நாவிதருக்கும் அரசனின் பெயரே முன்னொட்டு. ரோமிலும் இப்படி ஒரு வழக்கம் இருந்தது: விடுதலை பெற்ற அரண்மனை அடிமைகள் பேரரசனின் குடும்பப் பெயரை வைத்துக்கொள்வார்கள். கி.பி. 212இல் காரகல்லா பேரரசின் சுதந்திரக் குடிகள் எல்லோருக்கும் குடியுரிமை கொடுத்தபோது இலட்சக்கணக்கானவர்கள் ஒரேயடியாக ‘ஆரேலியஸ்’ ஆனார்கள். வரி வசூலுக்காகத்தான் கொடுத்தான் என்று அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ சந்தேகப்படுகிறார். சோழர் தந்த பட்டத்தில் அப்படி உள்நோக்கம் இருந்ததா என்று கல்வெட்டு சொல்லாது. ஒருவனைத் தன் பெயரால் கூப்பிட வைத்துவிட்டால் அவன் எங்கே போய்விடுவான்?

கங்கைகொண்டசோழீச்சரத்தின் வடக்கு வாசல் படியேறும்போது பக்கத்துச் சுவரில் ஒரு சிற்பம் இருக்கிறது. சிவன் உமையோடு அமர்ந்திருக்கிறார். காலடியில் ஒருவர் கைகூப்பித் தலையைக் கொஞ்சம் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். சிவன் ஒரு பூமாலையை எடுத்து அவர் தலையில் சுற்றிக்கொண்டிருக்கிறார். சுற்றி முடிக்கவில்லை, பாதியில் இருக்கிறது. மாலையின் ஒரு முனை சிவனின் கையில். பட்டம் கட்டுதல் என்ற சடங்கை இவ்வளவு அந்தரங்கமாகக் காட்டிய சிற்பம் தமிழ்நாட்டில் வேறு உண்டா என்பது சந்தேகம். அங்கே உட்கார்ந்திருக்கும் விசாரசருமருக்குச் சூட்டப்படுவது சண்டீசர் என்ற பதவி. ஆளின் பெயர் மறைந்து பதவியின் பெயர் மட்டும் நிலைத்த இன்னொரு கதை. சோழர் காலத்தில் கோயில் நிலத்தை விற்பதும் வாங்குவதும் இந்தச் சண்டீசரின் பெயரால்தான் நடந்தன. கணக்குப் புத்தகத்துக்கு அவர்தான் பொறுப்பு. ராஜேந்திரன் தன்னையே அந்த இடத்தில் வைத்துப் பார்த்திருக்கிறான் என்று பல கலை வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் கங்கையையும் கடாரத்தையும் கொண்டவன் தலைகுனிந்து வாங்கிக்கொள்ள விரும்பிய பட்டம் இது ஒன்றே.

செத்தபின் வரும் பட்டத்தில் இரண்டு நாகரிகங்களும் முற்றாகப் பிரிகின்றன. ரோமில் நல்ல பேரரசன் செத்தால் செனட் கூடி அவனை ‘திவுஸ்’, அதாவது தெய்வம் என்று அறிவிக்கும். வெஸ்பாசியன் சாகக் கிடந்தபோது, ஐயோ, நான் தெய்வமாகிக்கொண்டிருக்கிறேன் போலிருக்கிறதே என்று கேலி செய்ததாக ஸ்வெடோனியஸ் எழுதிவைத்திருக்கிறார். சோழர்கள் எங்கே செத்தான் என்பதை மட்டும் சொன்னார்கள். முதலாம் ஆதித்தன் ‘தொண்டைமானாற்றூர்த் துஞ்சின’ உடையார். சுந்தர சோழன் ‘பொன்மாளிகைத் துஞ்சின தேவர்’. 1054இல் கொப்பத்துப் போரில் யானை மேலிருந்தபடியே அம்புபட்டு விழுந்த ராஜாதிராஜன் ‘ஆனைமேற்றுஞ்சின தேவர்’. இறந்த அரசர்களுக்கான பள்ளிப்படைக் கோயில்கள் சோழ நாட்டிலும் இருந்தன, வழிபாடும் நடந்தது. ஆனாலும் பெயரில் இருப்பது இடமும் உறக்கமும்தான்.

இராயர், சீசர் என்று இரண்டு பெயரில் ரோமானியப் பட்டம் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் வேத வாசிப்பிலும் கொள்ளிடக் கரைக்கு வருகிறது. பழைய தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்கள் கைசரை விஜயநகரத்து ‘இராயன்’ ஆக்கினார்கள். இன்றைய கத்தோலிக்க மொழிபெயர்ப்பில் ‘சீசர்’. மேற்கே இதே கொள்ளிடக் கரையில் ஏலாக்குறிச்சி. அங்கே தங்கியிருந்த இத்தாலியர் கொன்ஸ்தான்சோ பெஸ்கியை ஊர் வீரமாமுனிவர் என்றுதான் அறியும். அவருக்கும் பட்டமே பெயர்.

அந்தக் கைசர் கடைசியாக இந்தியாவுக்கு வந்தது 1877 ஜனவரி 1 அன்று, டெல்லி தர்பாரில். விக்டோரியா ‘கைசர்-இ-ஹிந்த்’ என்று அறிவிக்கப்பட்டபோது சென்னை மாகாணம் தாது வருஷப் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தது. தமிழில் அவர் சக்கரவர்த்தினி. பாரதி 1905இல் ஆசிரியராக இருந்த பெண்கள் பத்திரிகைக்குக்கூட ‘சக்கரவர்த்தினி’ என்றுதான் பெயர். 1915இல் காந்திக்குக் கைசர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1920 ஆகஸ்டில் திருப்பி அனுப்பிவிட்டார். பிரிட்டிஷ் காசுகளின் விளிம்பில் ‘இந்தியாவின் இம்பரேட்டர்’ என்பதன் லத்தீன் சுருக்கம் 1948 வரை அச்சாகியது. அந்த ஆண்டு ஜூனில் ஆறாம் ஜார்ஜ் அந்தப் பட்டத்தைத் துறந்தார். ஜெர்மனியின் கைசரும் ரஷ்யாவின் ஜாரும் முப்பது ஆண்டு முன்பே போயிருந்தார்கள்.

பட்டங்களை அரசு வழங்கக்கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் மக்கள் கொடுப்பதை எந்தப் பிரிவும் தடுக்கவில்லை. தமிழ்நாட்டில் கலைஞர், புரட்சித்தலைவர் என்றால் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. கூட்டம் கூவிக் கொடுப்பது என்ற வகையில் இவை அகஸ்டஸைவிட இம்பரேட்டருக்கு நெருக்கம். உடையார்பாளையம் ஜமீன்தார்களின் பரம்பரைப் பட்டம் ‘காலாட்கள் தோழ உடையார்’. சோழ சாசனங்களில் கடவுளுக்கும் அரசனுக்கும் பொதுவாக இருந்த ‘உடையார்’, பாளையக்காரர் காலத்தில் காலாட்படையோடு தோள்சேர்ந்து நிற்கிறது. ஜூலியஸ் சீசர் வீரர்களைத் ‘தோழர்களே’ என்று விளித்துப் பேசுவாராம். போர்கள் முடிந்தபின் அகஸ்டஸ் அதை நிறுத்திவிட்டு, ‘வீரர்களே’ என்றாராம். பட்டம் உறுதியானதும் தோழமை தேவைப்படவில்லை போலும். உடையார்பாளையத்தார் கடைசிவரை அந்தத் ‘தோழ’வை விடவில்லை.

கங்கைகொண்டசோழபுரத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் ஆடித் திருவாதிரைக்குக் கூட்டம் வருகிறது. 2025 ஜூலை 27 அன்று பிரதமர் வந்து ராஜேந்திரனுக்கு நினைவு நாணயம் வெளியிட்டார். அந்தத் தலைநகரத்தில் மிஞ்சியது கோயில் ஒன்றுதான். அரண்மனை மாளிகைமேட்டில் செங்கல் அடித்தளமாகவும் உடைந்த கூரை ஓடுகளாகவும் சீனப் பீங்கான் சில்லுகளாகவும் கிடைக்கிறது. ‘சோழகேரளன் திருமாளிகை’ என்று கல்வெட்டில் பெயர் இருந்த இடம். நகரத்தின் தெருக்களும் ராஜராஜன், ராஜேந்திரன் பெயர்களிலேயே இருந்தன. அவற்றுக்கு நடுவே ‘கூளையானை போன பெருந்தெரு’ என்று ஒன்று இருந்திருக்கிறது. ஒரு குட்டை யானை போன தெரு. அந்தப் பெயரை அரண்மனையில் யாரும் வைத்திருக்க மாட்டார்கள்.

தா.பழூருக்குக் கிழக்கே அணைக்கரை. அங்கே கொள்ளிடத்தை மறித்து நிற்கும் கீழணையிலிருந்து வடவாறு பிரிந்து வீராணம் ஏரியை நிரப்புகிறது. வீரநாராயணன் என்பது பராந்தகனின் பட்டம். ‘பொன்னியின் செல்வன்’ ஆடிப்பெருக்கன்று தொடங்கும் அதே ஏரி. 2004 முதல் சென்னைக்காரர்கள் அதைக் குழாயில் பிடித்துக் குடிக்கிறார்கள். 1836இல் ஆர்தர் காட்டனின் திட்டப்படி அந்த அணை எழுந்தபோது கருங்கல் தேவைப்பட்டது. கங்கைகொண்டானின் கோயில் மதிலைப் பிரித்து எடுத்துப்போனார்கள். ஊர்க்காரர்கள் மறித்துப் பார்த்தார்கள்; தண்டனைதான் கிடைத்தது. கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்தார்கள் என்றும், அந்த வாக்கை நிறைவேற்றவில்லை என்றும் 1855இல் ஒருவர் பத்திரிகையில் எழுதியிருக்கிறார்.